கண்ணாடி மணி: தீயைவிட ஆறும் நேரமே முக்கியம்

மலேசியாவின் கெடா மாநிலத்துப் பெடோங் மாதிரி தோட்டப்புறச் சிற்றூரில், கண்ணாடிக் குச்சியைச் சுடரில் உருக்கிக் கம்பியில் சுற்றி மாலை மணி செய்யும் வேலைக்கென்று தனிக்கடை இருக்காது. ஆனால் வேண்டிய சாமானில் பாதி ஹார்ட்வேர் கடையிலேயே கிடக்கிறது. ஏர்கோன் பழுதுபார்ப்பவர்கள் செம்புக்குழாய் பற்றவைக்கும் மேப் கேஸ் உருளையும் டார்ச்சும் சிறிய மணிகளுக்குப் போதும். மணி சுற்றும் கம்பிக்கு, டிக் வெல்டிங்குக்கு விற்கும் 1.6 மி.மீ. ஸ்டெயின்லஸ் ஸ்டீல் கம்பியைக் கேளுங்கள். 1 மீட்டர் கம்பியை நான்காக வெட்டினால் தலா 25 செ.மீ. செய்த மணியைப் புதைத்து மெல்ல ஆறவைக்கும் வெர்மிகுலைட் துகள் பூச்செடிக் கடையில் கிடைக்கும். இணையத்தில் வாங்க வேண்டியவை மூன்றுதான்: 5–6 மி.மீ. கண்ணாடிக் குச்சிகள், மணி ஒட்டாமலிருக்கக் கம்பியில் பூசும் ‘பீட் ரிலீஸ்’ கலவை, டிடிமியம் கண் கண்ணாடி. சூடான கண்ணாடியிலிருந்து கிளம்பும் சோடியத்தின் மஞ்சள் ஒளியை மறைத்து, உள்ளே நடப்பதைக் காட்டுவது டிடிமியம்தான். சாதாரணக் கறுப்புக் கண்ணாடி அதற்கு உதவாது.

குச்சி வாங்கும்போது, சூட்டில் கண்ணாடி எவ்வளவு விரியும் என்பதைக் காட்டும் விரிவு எண்ணைப் பாருங்கள். தொடக்கத்துக்கு ஏற்றது 104. முரானோவின் எஃபெட்ரே குச்சிகள் இந்த வகை. 104-ஐயும் 90-ஐயும் ஒரே மணியில் சேர்த்தால் ஆறும்போது ஒன்று அதிகமாகச் சுருங்கும், மணி பிளக்கும். கிச்சாப் போத்தலை உடைத்துச் செய்யலாமா என்றால், ஒரே போத்தலின் துண்டுகளை மட்டும் வைத்துச் செய்து பார்க்கலாம். வாங்கிய குச்சியோடு அதைக் கலக்கக் கூடாது.

காற்றோட்டமுள்ள பின்கட்டு நல்லது. ஆனால் விசிறிக் காற்று சுடரில் படக் கூடாது. மேசைமேல் டைல்ஸ் பலகை, பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர், பருத்தி உடை, கட்டிய முடி. நைலான் துப்பட்டாவோடு உட்காரவே வேண்டாம். இரண்டு கையும் வேலையில் இருக்கும் என்பதால் உருளையை நிமிர்த்தி மேசையோடு இறுக்கிவிடுங்கள். சமையல் கேஸ் தோம்பை இதற்கு இழுக்காதீர்கள். அடுப்பு ரெகுலேட்டரின் அழுத்தம் போதாது.

கம்பி நுனியை மணல்தாளால் தேய்த்து, கலவையில் 5 செ.மீ. முக்கி, மணல் நிரப்பிய டின்னில் நிமிர்த்தி வையுங்கள். கலவை தோசை மாவைவிடச் சற்று நீர்க்க இருக்கட்டும். ஓர் இரவு காயவேண்டும்; மழைக்காலத்தில் இன்னும் கூட. ஈரம் மிச்சமிருந்தால் சுடரில் கொப்புளித்து உரியும், மணி கம்பியோடு ஒட்டிக்கொள்ளும்.

குச்சியை நேரே சுடருக்குள் நீட்டினால் ‘டிக்’கென்று வெடித்துத் தெறிக்கும். சுடரின் கடைசி நுனியில் ஆட்டி ஆட்டி, அரை நிமிடமாவது எடுத்துக்கொண்டு, மெல்ல உள்ளே கொண்டுவாருங்கள். நுனி உருகி மொச்சைக் கொட்டை அளவு திரண்டதும், மறுகையிலுள்ள கம்பியையும் மங்கலாகச் சிவக்கும்வரை சூடாக்கிக் கண்ணாடியைத் தொட்டு, கம்பியை உங்களைவிட்டு அப்பால் உருட்டுங்கள். கண்ணாடி தானாகச் சுற்றிக்கொள்ளும். அதன்பின் கம்பி கிடைமட்டமாக, நிற்காமல் சுழலவேண்டும். நின்றால் ஒரு பக்கம் தொங்கும்.

மணியின் தரத்தைச் சொல்வது துளையின் இரு வாய்கள்தாம். 12 மி.மீ. மணிக்கு முதல் சுற்றை 6 மி.மீ. அகலத்துக்குள் முடித்து, அடுத்த சுற்றுகளை அதன்மேலேயே ஏற்றுங்கள்; வாய் உள்வாங்கி வழுவழுப்பாக வரும். கலவைமேல் பரந்து ஓடவிட்டால் ஓரம் கத்திபோல் மெலிந்து, பின்னால் நூலை அறுக்கும். சுடரில் டார்ச் வாய்க்கு மிக அருகில் வைத்தால் வெள்ளைக் கண்ணாடி சாம்பல் நிறமாகும். நீலப்பச்சைக் கண்ணாடியில் அதன் செம்பு சிவந்து படரும். விலகிப் பிடியுங்கள். தந்த நிறத்தின்மேல் நீலப்பச்சைப் புள்ளி வைத்தால் கறுப்புக் கோடு விழும். அது பிழையல்ல: முன்னதிலுள்ள கந்தகமும் பின்னதிலுள்ள செம்பும் சேர்வதால் வருவது. சிலர் அதற்காகவே அப்படிச் செய்கிறார்கள்.

பெரும்பாலான மணிகள் சாவது தீயில் அல்ல, தீயை விட்டு வெளியே வந்தபின். வெளிப்புறம் முதலில் இறுகும். உள்ளே இன்னும் சூடு. பிறகு உள்ளே சுருங்கும்போது இழுவிசை மணிக்குள் மாட்டிக்கொள்கிறது. வடிவம் முடிந்ததும் சுடர் நுனியில் சீராகச் சுழற்றி, சிவப்பு மறைந்த உடனே, முன்பே அடுப்பில் சூடாக்கிய வெர்மிகுலைட்டில் எல்லாப் பக்கமும் 5 செ.மீ. மூடும்படி புதையுங்கள். சிவப்போடு புதைத்தால் துகள் ஒட்டும். தாமதித்தால் கம்பிப் பக்கம் விரிசல் விடும். முழுக்க ஆறும்வரை தோண்டிப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள்.

இதுவும் பாதி வேலைதான். சூளையில் 515 டிகிரி செல்சியஸுக்கு மெல்ல ஏற்றி, 1 மணி நேரம் நிறுத்தி, ஒரு மணி நேரத்துக்கு 60 டிகிரி வீதம் 400 வரை இறக்கி, பிறகு கதவைத் திறக்காமல் அணைத்தால்தான் இழுவிசை தீரும். சூளை இல்லாதவர்கள் மணிகளைச் சேர்த்துவைத்து, சூளையுள்ள ஒருவரிடம் ஒரே தடவையாக வைத்து வாங்கலாம். அதுவரை தீபாவளிச் சந்தையில் விற்க வேண்டாம். வாரம் கழித்து வாங்கியவர் கழுத்தில் பிளக்கலாம்.

மணியைக் கழற்ற, ஆறிய கம்பியைத் தண்ணீரில் ஊறவைத்து, பிளையரில் கம்பியைப் பிடித்து மணியைத் திருகுங்கள். துளையிலுள்ள கலவையை வைர அரத்தால், தண்ணீருக்குள் வைத்தே சுரண்டவேண்டும். உலர்ந்த தூசி நுரையீரலுக்குக் கேடு.

கடாரத்துச் (இன்றைய கெடா) சுங்கை மாஸில் பழங்காலத்தில் செய்யப்பட்ட சிறுமணிகள் குழாயாக இழுத்து வெட்டியவை; எடை இராது. நம்முடையது சுற்றுமணி. 12 மி.மீ. உருண்டை ஒன்றே 2 கிராமுக்கு மேல், 45 செ.மீ. மாலை முழுக்க அதையே கோத்தால் 80 கிராமைத் தொடும். ஐந்தாறு பெரிய மணிகளுக்கு இடையே 2 மி.மீ. பாசி கோருங்கள். பருத்தி நூல் வேண்டாம். நைலான் பூசிய 0.38 மி.மீ. எஃகுக் கம்பி எடுங்கள். முனையில், கம்பியைப் பூட்டும் சிறு உலோக மணியான நசுக்கு மணியை அழுத்துமுன் 2 மி.மீ. தளர்வு விடுங்கள், இல்லாவிட்டால் மாலை வளையாமல் விறைத்து நிற்கும், மணிகள் ஒன்றையொன்று உரசிச் சில்லுவிடும். கொக்கி 316 ஸ்டீலோ 925 வெள்ளியோ இருக்கட்டும். நம் ஊர் வியர்வையில் பித்தளை பச்சை பிடித்துவிடும்.