காஞ்சோண்டி பட்டால் என்ன செய்வது, வேர் எடுப்பது எப்படி

பாலைப்பழக் காலத்தில் இலங்கையின் வன்னியில் ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் காட்டுக்குள் இறங்குபவர்கள் மேலே பழத்தைப் பார்த்துக்கொண்டே நடப்பார்கள், கீழே பற்றையில் சுற்றிக் கிடக்கும் காஞ்சோண்டியை யார் பார்க்கிறார்கள்? மெல்லிய கொடி, இலை விளிம்பு வாள்பல் மாதிரி, காய் மூன்று பிளவாக இருக்கும், தண்டிலும் காயிலும் சுணை (குத்தி அரிக்க வைக்கும் நுண்மயிர்).

பட்டுவிட்டதா, சொறியாதீர்கள். ஒவ்வொரு சுணைக்குள்ளும் ஊசி போன்ற கல்சியம் ஒக்சலேட் படிகம் உண்டு, தேய்த்தால் இன்னும் உள்ளே இறங்கும். ஒட்டும் பிளாஸ்டரை மெதுவாக அழுத்தி ஒரே இழுவையில் உரியுங்கள், அப்புறம் சவர்க்காரம் போட்டுக் கழுவி ஈரத்துணியைப் போட்டுவிடுங்கள். அந்தக் கையால் கண்ணைத் தொடக்கூடாது. மூச்சு முட்டினாலோ முகம் வீங்கினாலோ நேரே ஆஸ்பத்திரிதான்.

மருந்துக்கு எடுப்பது வேர். காய்ச்சலுக்கும் தோல் அரிப்புக்கும் சித்த மருத்துவத்தில் குடிநீரில், அதாவது கசாயத்தில், சேர்ப்பார்கள் (அரிக்க வைக்கிறதே அரிப்புக்கு மருந்து!). முழுக்கைச் சட்டை, தடித்த கையுறை போட்டு, கொடியை அடியில் வெட்டி நீளத் தடியால் இழுத்து ஒதுக்கிவிட்டு மண்வெட்டியால் சுற்றித் தோண்டுங்கள். மண் போகக் கழுவி நிழலில் காயவிட்டால் சரி. அளவைப் பரியாரியார் (நாட்டு வைத்தியர்) சொல்லட்டும், கர்ப்பிணிகளுக்கும் பிள்ளைகளுக்கும் நீங்களாக அவித்துக் கொடுக்க வேண்டாம்.

மலைநாட்டில் ஆளுயரம் வளரும் பெரிய காஞ்சோண்டி வேறு குடும்பம், அதன் இலையை அவித்தால் சுணை செத்துவிடும். அதைக் கேள்விப்பட்டு நம்மூர்க் கொடியைக் கறிச்சட்டியில் போட்டுவிடாதீர்கள்.