அனிஷ் கபூரைப் பற்றித் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிற ஒரு கலைஞரைப் பற்றித் தேடுகிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது ஆண்டுகளில்தான். சிற்பி அனிஷ் கபூரையே எடுத்துக்கொள்வோம்.

சிகாகோவில் ‘பீன்’ என்று ஊரே அழைக்கும் சிற்பத்துக்கு அவர் வைத்த பெயர் கிளவுட் கேட். அதன் ஆண்டு ஓரிடத்தில் 2004, இன்னோரிடத்தில் 2006 என்று இருக்கும். உடனே ஒன்றைத் தப்பென்று அடித்துவிடாதீர்கள். 2004இல் மில்லேனியம் பூங்கா திறந்தபோதே மக்கள் அதைப் பார்த்தார்கள். ஆனால் 168 எஃகுத் தகடுகளை இணைத்த வெல்டிங் கோடுகளைத் தேய்த்து மறைக்கும் வேலை பாக்கி இருந்தது. அது முடிந்து முறைப்படி திறந்தது 2006இல். செலவும் அப்படித்தான்: முதலில் போட்ட கணக்கு 60 லட்சம் டாலர், கடைசியில் ஆனது 2.3 கோடி. அதனால் கட்டுரையைப் படிக்கும் முன் அது வெளியான தேதியைப் பாருங்கள்.

ஒரே தலைப்பு என்றால் ஒரே பொருள் என்று நினைப்பது அடுத்த தவறு. ஓயாமல் சுழலும் கறுப்பு நீர்ச்சுழியான ‘டிசென்ஷன்’ 2014இல் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் கலைவிழாவான கொச்சி பினாலேயில் ஆஸ்பின்வால் ஹவுஸின் தரைக்குள் இருந்தது. 2015இல் வெர்சாய் தோட்டத்திலும் 2017இல் நியூயார்க்கின் புரூக்ளினிலும் அதே பெயரில் சுழி வைத்தார். புரூக்ளின் படத்தைப் போட்டு 2014 என்று எழுதினால் குழப்பம்தான். எந்த ஊர், எந்த ஆண்டு என்று படத்தோடு சேர்த்தே குறித்துவையுங்கள்.

‘உலகிலேயே மிகக் கறுப்பான நிறத்தைக் கண்டுபிடித்தவர்’ என்றும் எழுதுகிறார்கள். வான்டாபிளாக் என்ற அந்தக் கறுப்புப் பூச்சை உருவாக்கியது சர்ரே நானோசிஸ்டம்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனம். அதைக் கலையில் பயன்படுத்தும் தனியுரிமை மட்டுமே கபூருக்குக் கிடைத்தது.

பிறந்தது 1954இல் மும்பையில். 1990இல் வெனிஸ் பினாலேயில் நின்றது பிரிட்டன் சார்பில். இரண்டையும் சொல்லாமல் ‘இந்தியர்’ என்றோ ‘பிரிட்டிஷ்காரர்’ என்றோ ஒற்றைச் சொல்லில் முடிப்பது அவருக்குச் செய்யும் நியாயம் இல்லை.

கேலரிப் பக்கங்களில் அளவையும் பொருளையும் எடுத்துக்கொள்ளலாம், புகழுரையை விட்டுவிடுங்கள், அவர்கள் விற்பவர்கள். பேட்டியில் கலைஞர் தன் நோக்கத்தைப் பற்றிச் சொல்வதற்கு மதிப்பு அதிகம். பழைய தேதிகளை மட்டும் கண்காட்சிக் கையேட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அப்புறம், கலைஞர் உயிரோடு இருப்பதால் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் வழி இருக்கிறது. கேலரி மூலம் எழுதும்போது ‘உங்கள் வாழ்க்கையைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று கேட்காதீர்கள். ‘கொச்சியில் வைத்த சுழியின் விட்டம் எவ்வளவு?’ என்பது போல ஒரே கேள்வியாக இருந்தால் பதில் வர வாய்ப்பு அதிகம்.