அமெரிக்கத் துணைவர் விசா தாமதமாகிறதா? மும்பையில் காத்திருப்பவர்களுக்கு ஒரு செய்முறை

கணவரோ மனைவியோ அமெரிக்காவில் இருக்கிறார். நீங்கள் தாராவியிலோ மாட்டுங்காவிலோ செம்பூரிலோ இருக்கிறீர்கள். உங்களை அழைத்துக்கொள்ள அவர் ஐ-130 என்ற மனு போட்டு மாதங்கள் ஓடிவிட்டன. "எப்பம்மா கிளம்புறே?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. கோப்பை வேகமாக நகர்த்துவது நம் கையில் இல்லை. ஆனால் நம் முறை வரும்போது நம் பக்கத்தால் தாமதம் ஆகாமல் பார்த்துக்கொள்ளலாம்.

முதல் படி: கோப்பு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ரசீது எண்ணில் மூன்று எழுத்துகளும் பத்து இலக்கங்களும் இருக்கும். அமெரிக்கக் குடியேற்றத் துறையான யு.எஸ்.சி.ஐ.எஸ் இணையதளத்தில் அதைப் போட்டால் நிலை தெரியும். அதே தளத்தில் வழக்கமான பரிசீலனைக் காலமும் இருக்கிறது. அது தாண்டிய பிறகுதான் தாமதம் பற்றிக் கேட்க முடியும். கேட்க வேண்டியவர் மனு போட்ட துணைவர். பதில் திருப்தியாக இல்லை என்றால் அவர் தன் தொகுதி காங்கிரஸ் உறுப்பினரின் அலுவலகத்தை அணுகலாம். "உள்ளே ஆள் இருக்கிறது, முடித்துத் தருகிறேன்" என்பவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

துணைவர் கிரீன் கார்டு வைத்திருந்து, காத்திருக்கும் காலத்தில் குடியுரிமை பெற்றால், கோப்பு இருக்கும் அலுவலகத்துக்கு உடனே தெரிவிக்க வேண்டும். உங்களுக்கு வருடாந்தர ஒதுக்கீட்டு வரிசை இல்லாமல் போகும். ஆனால் குழந்தைகளுக்கு அப்போது தனித்தனி மனு தேவை. பலர் கோட்டைவிடும் இடம் இது.

இரண்டாம் படி: பெயர். நம்மவர்களுக்கு இதுதான் பெரிய வேலை. பள்ளிச் சான்றிதழில் ஆர். கவிதா, பாஸ்போர்ட்டில் கவிதா ராமசாமி, திருமணச் சான்றிதழில் வேறு மாதிரி. எல்லாவற்றையும் ஒரே மேசையில் பரப்பி எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். இனிஷியலோடு இருக்கும் பெயரையும் படிவத்தில் "வேறு பெயர்கள்" பகுதியில் எழுதுங்கள். நடுவில் பாஸ்போர்ட்டில் கணவர் பெயரைச் சேர்க்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. நான் வேண்டாம் என்றே சொல்வேன். பழைய பிறப்புச் சான்றிதழ்கள் சிலவற்றில் குழந்தையின் பெயரே இருக்காது. திருநெல்வேலியில் பிறந்து மும்பையில் வாழ்பவர் அதைச் சரிசெய்ய ஊருக்குப் போக வேண்டியிருக்கும். அதை இப்போதே முடியுங்கள். தமிழில் உள்ள ஆவணத்துக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும், அது சரியானது என்று மொழிபெயர்த்தவர் கையெழுத்திட்ட உறுதிமொழியும் வேண்டும்.

மூன்றாம் படி: திருமணம் உண்மையானது என்பதற்கான சான்றுகளைச் சேர்த்துக்கொண்டே இருங்கள். விமான டிக்கெட், பணம் அனுப்பிய விவரம், நாமினியாகப் பெயர் போட்ட பத்திரம், இரு குடும்பமும் சேர்ந்திருக்கும் படங்கள். கல்யாண ஆல்பம் மட்டும் போதாது, அதற்குப் பிந்தைய வாழ்க்கையும் தெரிய வேண்டும்.

நான்காம் படி: மனு அங்கீகாரம் ஆனதும் கோப்பு தேசிய விசா மையத்துக்குப் போகும். மும்பை கோப்புகளின் எண் பி.எம்.பி என்று தொடங்கும். விசாக் கட்டணம் 325 டாலர், நிதி ஆதரவுப் பத்திரத்துக்கு 120 டாலர். டி.எஸ்-260 என்ற விசா விண்ணப்பப் படிவம், ஐ-864 என்ற அந்த நிதி ஆதரவுப் பத்திரம், போலீஸ் சான்றிதழ் எல்லாம் இங்கேதான். போலீஸ் சான்றிதழ் பாஸ்போர்ட் சேவா வழியாகக் கிடைக்கும். துணைவரின் வருமான வரிக் கணக்கு புது ஆண்டுக்கு மாறிவிட்டால் புதியதைத் தயாராக வையுங்கள். முக்கியமாக, ஓராண்டுக்கு மேல் அந்த மையத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாமல் விட்டால் கோப்பை மூடும் நடவடிக்கை தொடங்கலாம். வேறு வேலை இல்லையென்றாலும் உங்கள் கோப்பு உள்ள அவர்களின் இணையதளத்துக்குள் ஒருமுறை போய்வாருங்கள்.

ஐந்தாம் படி: நேர்காணல் பாந்திரா குர்லா காம்ப்ளெக்ஸில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நடக்கும். தேதி வந்த பிறகு, அவர்கள் பட்டியலில் உள்ள மருத்துவரிடம் மட்டும் பரிசோதனை செய்யுங்கள். நேர்காணலில் 221(ஜி) என்று காகிதம் கொடுத்தால் பயந்துவிடாதீர்கள். கூடுதல் ஆவணம் கேட்கிறார்கள், அல்லது இன்னும் சரிபார்க்கிறார்கள் என்று பொருள். கேட்டதை மட்டும், கேட்ட வழியில் கொடுங்கள். அப்புறம், பாஸ்போர்ட்டில் விசா ஒட்டி கைக்கு வரும்வரை வேலையை ராஜினாமா செய்யாதீர்கள், வாடகை வீட்டையும் காலி செய்யாதீர்கள்.