பால்மோரலில் ஒருநாள் நடை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்காட்லாந்தின் டீ ஆற்றங்கரையில் உள்ள பால்மோரல் எஸ்டேட் 1852ஆம் ஆண்டு முதல் பிரிட்டிஷ் அரச குடும்பத்தின் தனிச்சொத்தாக இருந்து வருகிறது. ஆயினும் அதன் மலைகளிலும் காடுகளிலும் எவரும் நடக்கலாம். 2003ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம் ஸ்காட்லாந்து முழுவதற்கும் அந்த உரிமையை அளித்துள்ளது. அதை வரம்பற்ற உரிமையாகக் கருதிவிடுவதே முதல் தவறு. பொறுப்புடன் நடந்துகொள்வோருக்கே அது செல்லும். வீடுகளும் அவற்றை ஒட்டிய தோட்டங்களும் அதில் அடங்கா. மியூக் ஏரிக்கரையில் விக்டோரியா அரசி 1868இல் கட்டுவித்த கிளாசால்ட் ஷீல் மாளிகையைக் கடந்து பாதை செல்கிறது என்பதற்காக, அதன் சன்னல்களுக்குள் எட்டிப் பார்ப்பது முறையாகாது.

அந்த ஏரியைச் சுற்றி வர ஏறக்குறைய 12 கிலோமீட்டர் நடக்க வேண்டும். தொடக்கத்தில் வண்டித்தடம் அகலமாகவும் சமமாகவும் இருப்பதைக் கண்டு, சாதாரணக் காலணியும் ஜீன்ஸுமாகவே பலர் கிளம்பிவிடுகிறார்கள். ஏரியின் மறுகோடியில் பாதை குறுகி, கற்களும் சேறும் நிறைந்ததாகிவிடுகிறது. ஏரியே கடல் மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரத்தில் இருப்பதால், ஊரில் வெயில் அடிக்கும் நாளிலும் அங்கே குளிர்காற்றும் மழையும் எதிர்ப்படலாம். நனைந்த ஜீன்ஸ் எளிதில் உலராமல் உடற்சூட்டைக் குறைத்துவிடும். டிசம்பரில் பிற்பகல் மூன்றரை மணியளவில் சூரியன் மறைந்துவிடுவதால், அந்த மாதத்தில் நண்பகலுக்குப் பின் புறப்படவே கூடாது. கைபேசி வரைபடத்தை மட்டும் நம்புவதும் தவறு. பள்ளத்தாக்கில் சிக்னல் கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை.

இவற்றைவிடப் பெரிய தவறு, எஸ்டேட்டை ஒரு பூங்காவாக நினைப்பது என்பேன். அது பலர் பிழைப்பு நடத்தும் இடம். செம்மான்கள் பெருகினால் இளம் பைன் கன்றுகளை மேய்ந்து காடு தழைக்கவிடாமல் செய்துவிடும் என்பதால், ஆண்டுதோறும் அவற்றைச் சுட்டு எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துகிறார்கள். ஆண்மான் வேட்டை பெரும்பாலும் ஜூலை முதல் அக்டோபர் இருபது வரையிலும், பெண்மான் வேட்டை அக்டோபர் 21 முதல் பிப்ரவரி 15 வரையிலும் நடைபெறுகிறது. வேட்டைக்காரர் மணிக்கணக்கில் புதருக்குள் தவழ்ந்து நெருங்கிய மான்கூட்டம், பாதையை விட்டு விலகி வந்த ஒருவரின் வாடை காற்றில் பட்டாலே கலைந்தோடிவிடும். அன்றைய உழைப்பு முழுவதும் வீணாகும். ஆகவே இம்மாதங்களில் நுழைவிடத்து அறிவிப்புகளைப் படித்துவிட்டு, பாதையிலேயே நடக்க வேண்டும்.

நாயை அவிழ்த்துவிடுவதும் தவறு. ஏப்ரல் முதல் ஜூலை வரை தரையில் கூடு கட்டும் பறவைகள் அஞ்சி முட்டைகளைக் கைவிட்டுப் போகக்கூடும். வேலிக் கதவுகளை இருந்தபடியே விட வேண்டும்.

நடை முடிந்ததும் உடலைச் சோதிக்காமல் விடுவது பலரும் செய்யும் தவறு. பெரணிப் புதர்களிலும் உயரமான புல்லிலும் காத்திருக்கும் உண்ணிகளில் இளையவை கசகசா அளவே இருக்கும். முழங்காலின் பின்புறம், அக்குள், இடுப்புப் பட்டை அழுத்தும் இடம் ஆகியவற்றில் ஒட்டிக்கொள்ளும். எண்ணெய் தடவியோ சூடு வைத்தோ எடுக்க முயலாமல், நுண்முனை இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து, நசுக்காமல் நேராக மேலே இழுக்க வேண்டும். அடுத்த சில வாரங்களில் கடிபட்ட இடத்தைச் சுற்றித் தடிப்பு வட்டமாகப் பரவினால் அது உண்ணிகள் பரப்பும் பாக்டீரியாத் தொற்றான லைம் நோயாக இருக்கலாம் என்பதால், உண்ணி கடித்ததைக் கூறி மருத்துவரிடம் உடனே காட்ட வேண்டும்.