ஊருக்கு வரும்போது அப்பாவுக்குக் காது மெஷின் வாங்குவதென்றால்

மெல்பர்னிலிருந்தோ லண்டனிலிருந்தோ தீபாவளிக்கு மலேசியாவுக்கு வந்து இறங்கும் பிள்ளைகள் முதல் நாள் ராத்திரியே கவனித்துவிடுவார்கள். டிவி சத்தம் வாசல்வரை கேட்கும், கேட்ட கேள்விக்கு அப்பா வேறெதற்கோ பதில் சொல்வார். சரி, ஒரு மெஷின் வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று முடிவாகும். அப்புறம் சொந்தக்காரர் வீடு, கோயில், ஈப்போவில் ஒரு கல்யாணம் என்று லீவு ஓடிப்போகும். கடைசியில் விமானம் ஏறுவதற்கு முந்தின நாள் பேரங்காடியில் கண்ணில் பட்ட கடையில், இருப்பதிலேயே விலை கூடியதை வாங்கி மாட்டிவிட்டுக் கிளம்புவார்கள். அதில் பல மெஷின்கள் சீக்கிரமே அலமாரிக்குள் போய்விடுகின்றன. மெஷினில் பெரும்பாலும் கோளாறு இருக்காது. பிள்ளைகள் போனபின் அதைச் சரிசெய்து தர ஆள் இல்லாததுதான் கோளாறு.

அதனால் வந்த முதல் வாரத்திலேயே பரிசோதனைக்குக் கூட்டிப்போங்கள். பல வருடம் கேட்காமலிருந்த சத்தமெல்லாம் திடீரென்று காதில் விழும்போது தட்டு வைக்கிற ஓசைகூட எரிச்சலாக இருக்கும். பழக சில வாரம் பிடிக்கும். ஒரு வாரம், பத்து நாள் மாட்டிப் பார்த்துவிட்டு மெஷினைக் காதுக்கேற்பச் சரிசெய்யும் முதல் திருத்தத்துக்குப் போகும்போது நீங்களும் கூட இருந்தால் நல்லது. வீட்டில் எது சரிப்படவில்லை என்று அப்பா வாய்திறந்து சொல்ல மாட்டார், நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

காதில் சீழ், தலைசுற்றல், ஒரு காது மட்டும் மந்தம் என்றால் மெஷின் பேச்சை ஒதுக்கிவிட்டு முதலில் காது மூக்கு தொண்டை நிபுணரிடம் போங்கள். ஓரிரு நாளில் திடீரென்று கேட்காமல் போயிருந்தால் அன்றைக்கே போக வேண்டும். ஸ்டீராய்டு மருந்தைச் சீக்கிரம் தொடங்கினால்தான் பலனுக்கு வாய்ப்பு அதிகம். சிலருக்கு வெறும் குறும்பி அடைத்திருக்கும், எடுத்துவிட்டால் முடிந்தது.

கடையில் வெள்ளைக் கோட்டு போட்டவரெல்லாம் ஆடியோலஜிஸ்ட், அதாவது கேள்திறனைச் சோதித்து மெஷின் பொருத்தும் நிபுணர், இல்லை. மலேசியாவில் ஆடியோலஜிஸ்டுகள் 2016-ஆம் ஆண்டின் இணை சுகாதாரத் தொழில் சட்டத்தின்கீழ் வருகிறார்கள். சட்டம் 2020 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். கோலாலம்பூர் பொது மருத்துவமனையிலும் பினாங்கு பொது மருத்துவமனையிலும் ஆடியோலஜி பிரிவு உண்டு. செலவு குறைவுதான், ஆனால் தேதி கிடைப்பதற்குள் உங்கள் லீவு முடிந்துவிடும். பெரும்பாலானோர் தனியார் கிளினிக்குக்குப் போவது அதனால்தான்.

பரிசோதனையைப் பார்த்தே கிளினிக்கை எடைபோட்டுவிடலாம். முதலில் காதுக்குள் விளக்கடித்துப் பார்க்க வேண்டும். பிறகு சத்தம் புகாத அறையில் ஒவ்வொரு சுருதியாக, காதில் மாட்டும் ஹெட்போனில் 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரையும், காதுக்குப் பின்னால் எலும்பில் வைக்கும் கருவியில் தனியாகவும் சோதிப்பார்கள். கடை நடுவில் ஹெட்போனை மாட்டி ஐந்து நிமிடத்தில் விலைப்பட்டியலை நீட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். மெஷின் பொருத்தும் நாளில் மெல்லிய குழாய் ஒன்றைக் காதுக்குள் விட்டு, செவிப்பறைக்குப் பக்கத்தில் உண்மையில் எவ்வளவு சத்தம் போய்ச் சேருகிறது என்று அளப்பார்களா என்று கேளுங்கள். இதைச் செய்யாத இடங்கள் நிறைய. செய்யும் இடம் கொஞ்சம் கூடுதலாகப் பணம் வாங்கினாலும் கொடுக்கலாம் என்பது என் கட்சி.

வயதானவர்கள் வழக்கமாகச் சொல்வது "சத்தம் கேக்குது, பேசுறது புரியல" என்பதுதான். உயர்ந்த சுருதிகள் முதலில் போவதால் உயிரொலிகள் கேட்கும், மெய்கள் நழுவிவிடும். வீட்டில் தமிழ் மட்டுமே பேசுகிறவருக்கு மலாய்ச் சொற்களை வைத்துச் சோதித்தால் பாதிக் கதைதான் தெரியும். தமிழ் பேசும் ஆடியோலஜிஸ்ட் கிடைத்தால் விடாதீர்கள். கிடைக்காவிட்டால், மெஷினை மாட்டியதும் நீங்களே அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்று சாதாரணக் குரலில் பத்து, சத்து, கத்து, முத்து என்று மாற்றி மாற்றிச் சொல்லுங்கள். எதை எதுவாகத் திருப்பிச் சொல்கிறார் என்று எழுதி ஆடியோலஜிஸ்டிடம் கொடுங்கள்.

இன்னொன்றும் பாருங்கள். "அங்கிளுக்கு எங்க கேக்க சிரமமா இருக்கு?" என்று அப்பாவின் முகத்தைப் பார்த்துக் கேட்கிறார்களா, அல்லது பணம் கட்டப்போகும் உங்களிடமே பேசிக்கொண்டிருக்கிறார்களா? கோயிலிலா, போனிலா, மாமாக் சாப்பாட்டுக் கடையிலா என்று அவரிடம் விசாரிக்காமல் மாடலைக் காட்டுகிறவர் விற்பனையாளர்தான்.

அப்புறம் தூரம். கோலாலம்பூரில் செந்தூலில் இருப்பவரை பங்சார் கிளினிக்கில் சேர்த்துவிட்டுப் போனால் அடுத்த தடவை ஜாமில் யார் ஓட்டுவது? பட்டர்வொர்த்துக்காரருக்குப் பினாங்குத் தீவில் வாங்கினால் ஒவ்வொரு திருத்தத்துக்கும் பாலம் தாண்ட வேண்டும். இக்கரையிலேயே செபராங் ஜெயா பக்கம் பாருங்கள். அந்தக் கடையைத் தவிர வேறு யாரும் திறக்க முடியாதபடி மெஷினின் மென்பொருள் பூட்டப்பட்டதா, பழுதானால் இரவல் மெஷின் தருவார்களா, எத்தனை நாள் போட்டுப் பார்த்துத் திருப்பலாம் என்பதையெல்லாம் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். நம் ஊர் வேர்வைக்கும் ஈரக்காற்றுக்கும் உலர்த்தும் டப்பா அவசியம்.

அமெரிக்காவில் 2022 முதல் மருந்துச்சீட்டு இல்லாமலே விற்கும் மெஷினைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவரும் யோசனை பலருக்கு வரும். அவை இலேசான, நடுத்தரக் குறைவுக்கு மட்டும். பலவற்றை போன் செயலியில் தாமே சரிசெய்துகொள்ள வேண்டும். எழுபது தாண்டிய அப்பா அதைச் செய்வாரா என்று உங்களுக்கே தெரியும்.

பணம் கட்டுமுன் ஒரு கேள்வி: அப்பா அரசாங்க பென்ஷன்காரரா? அப்படியென்றால் அரசு மருத்துவர் பரிந்துரையோடு ஜேபிஏ (பொதுச் சேவைத் துறை) வழியாகக் காது கருவிக்கு விண்ணப்பிக்கலாம். வாங்கிய பிறகு கேட்காமல் முன்பே கேளுங்கள். ஓகேயூ அட்டை, அதாவது மாற்றுத்திறனாளி அட்டை, கிடைக்கும் அளவுக்குக் குறைவு இருந்தால், இங்கே வரி கட்டும் தம்பியோ தங்கையோ பெற்றோருக்கு வாங்கிய உபகரணத்துக்கு 6,000 வெள்ளி (ரிங்கிட்) வரை வரிவிலக்கு கேட்கலாம். அதனால் பில்லை அவர்கள் பெயரில் போடச் சொல்லுங்கள். கிளினிக்கின் வாட்ஸ்அப் எண்ணும் பரிசோதனை வரைபடத்தின் நகலும்கூட அவர்கள் போனில்தான் இருக்க வேண்டும்.