பச்சை மூடி டியூப் எடுங்கள்: வெள்ளணுவின் வீரியம் பார்க்கும் என்.பி.டி. சோதனை

டி.எம்.எல்.டி. என்ற லேப் டெக்னீஷியன் டிப்ளமோ முடித்து மதுரையில் எங்கள் லேபுக்கு வரும் பிள்ளைகள் கேட்பது இதுதான்: "அக்கா, ஹெபடைடிஸ் வைரஸ் கல்லீரல்லதானே இருக்கு, வெள்ளணுவை எதுக்குப் பார்க்கணும்?"

பி, சி வைரஸ்கள் 6 மாதத்துக்கு மேல் தங்கினால் அது நாள்பட்ட தொற்று. கிருமியைக் கொல்ல நியூட்ரோபில் என்ற வெள்ளணு வகை உண்டாக்கும் சூப்பராக்சைடு என்ற வீரியமான ஆக்சிஜன் வடிவத்தின் அளவு அப்போது மாறலாம். அதைக் கண்ணால் காட்டுவது என்.பி.டி. (நைட்ரோப்ளூ டெட்ராசோலியம்) என்ற மஞ்சள் சாயம். சூப்பராக்சைடு பட்டால் ஃபார்மசான் என்ற கருநீலப் பொருளாகப் படிந்துவிடும்.

முதலில் கையுறை. ஹெபடைடிஸ் பி வைரஸ் காய்ந்த ரத்தத்தில் 7 நாளானாலும் தொற்றும். ஊசிக்குத் திரும்ப மூடி போடாதீர்கள். 3 தவணை தடுப்பூசி முடிக்காதவர்கள் இந்த மேசைக்கே வர வேண்டாம்.

ரத்தத்தைப் உறையாமல் தடுக்கும் ஹெப்பரின் உள்ள பச்சை மூடி டியூபில் எடுங்கள். ஊதா மூடி வேண்டாம்; அதிலுள்ள இ.டி.டி.ஏ. கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், அணுவின் வேலை கெடும். நோயில்லாத ஒருவரின் ரத்தமும் ஒப்பிட்டுப் பார்க்கும் கன்ட்ரோலாக அதே வேளையில் வேண்டும்.

எடுத்த கையோடு செய்யுங்கள். ஒரு சித்திரைத் திருவிழாவில், அழகர் ஆற்றில் இறங்கும் நாளில், மேலூரிலிருந்து ரத்தம் பைக்கில் வந்தது. ஊரெல்லாம் பாதை மாற்றம். வெயிலில் குலுங்கிக் குலுங்கி வந்து சேர மூன்று மணி நேரம். கன்ட்ரோல் ஸ்லைடே நீலமாக நின்றது. இரண்டையும் கொட்டிவிட்டு மறுநாள் புதிதாக எடுத்தோம். அந்த நோயாளிக்கு இன்னொரு குத்து. இன்றும் எனக்கு அது உறுத்தல்தான்.

0.1 மில்லி ரத்தம், 0.1 மில்லி 0.1% என்.பி.டி. கரைசல், மெதுவாகக் கலந்து 37 டிகிரியில் 15 நிமிடம், வெளியே அறை வெப்பத்தில் 15 நிமிடம். இன்னொரு டியூபில் வெள்ளணுவைத் தூண்டும் ரசாயனமான பி.எம்.ஏ. சேர்த்து இதையே செய்யுங்கள். ஸ்லைடில் மெல்லிய படலமாக ஸ்மியர் இழுத்து, உலர்த்தி, அணுக்களுக்கு நிறமேற்றும் லீஷ்மன் ஸ்டெயின் போடுங்கள்.

மைக்ராஸ்கோப்பின் ஆயில் இம்மர்ஷன் லென்ஸில் 100 நியூட்ரோபில் எண்ணுங்கள். உட்கருவின் மடல்களுக்குப் பக்கத்தில் மைத்துளி விழுந்தது போல் கருநீலத் திட்டு தெரிந்தால் பாசிட்டிவ். ஸ்டெயின் துகள் அணுவுக்கு வெளியிலும் கிடக்கும்; ஃபோகஸை மேலும் கீழும் திருப்பினால் அது தனித்தளத்தில் நிற்பது தெரியும். மானோசைட் என்ற இன்னொரு வெள்ளணுவும் நீலமாகும், அதைச் சேர்க்காதீர்கள்.

தூண்டியும் எண்ணிக்கை கன்ட்ரோல் அளவுக்கு ஏறவில்லையென்றால் சூப்பராக்சைடு உண்டாக்க வெள்ளணுவிடம் உள்ள கையிருப்புத் திறன் குறைவு என்று பொருள். பாக்டீரியாக் காய்ச்சல், ஸ்டீராய்டு மாத்திரை இரண்டுமே எண்ணை மாற்றும், கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வைரஸ் எவ்வளவு, கல்லீரல் எப்படி என்பதற்கு வைரல் லோடு சோதனையும், எல்.எஃப்.டி. என்ற கல்லீரல் செயல்பாட்டுச் சோதனையும்தான். "நீலம் கம்மியா இருக்கே, கல்லீரல் போச்சா?" என்று நோயாளி கேட்டால், இல்லை, இது அதைச் சொல்லும் சோதனை அல்ல என்று நின்று சொல்லிவிட்டு அனுப்புங்கள்.