கிரிப் அறிக்கையை எடுத்துப் பாருங்கள்

கம்பளையில் கடை வைத்திருக்கிறேன். பிணைக் கையெழுத்துக் கேட்டு வருகிறவர்களிடம் முதலில் கிரிப் அறிக்கையை, அதாவது இலங்கைக் கடன் தகவல் பணியகம் (CRIB) வைத்திருக்கும் அவர்களின் கடன் பதிவை, எடுக்கச் சொல்வேன். "நமக்கு வட்டிக் கடனே இல்லையே" என்பார்கள் சில நானாமார். இஸ்லாமிய வங்கி தரும் முறாபஹா (பொருளை வாங்கி இலாபம் வைத்துத் தவணைக்கு விற்பது), இஜாரா (குத்தகை) வசதிகளும் அதில் பதிவாகும். இஸ்லாமிய வங்கியும் உரிமம் பெற்ற வங்கிதானே!

அடையாள அட்டையோடு உங்கள் வங்கிக் கிளையில் விண்ணப்பிக்கலாம், இணையத்திலும் எடுக்கலாம். கட்டணம் உண்டு.

பெயர், அடையாள அட்டை இலக்கம், நிலுவை எல்லாம் சரியா பாருங்கள். அப்புறம் நீங்கள் பிணை நின்ற கடன்கள். மச்சானின் திரீவீல் லீசிங்குக்குப் போட்ட கையெழுத்தை நீங்கள் மறந்திருக்கலாம், அறிக்கை மறக்காது. அவர் தவணை தவறினால் உங்களுக்கும் பொறுப்பு உண்டு.

பிழை இருந்தால், கிரிப் தானாக எதையும் மாற்றாது. தகவல் கொடுத்த நிறுவனம்தான் திருத்தி அனுப்ப வேண்டும். ரசீதுகளையும் கடன் தீர்ந்த கடிதத்தையும் இணைத்து, முறைப்பாட்டை எழுத்தில் கொடுத்து, உங்கள் பிரதியில் திகதியோடு முத்திரை வாங்குங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம். கடனை எழுதி வைக்கச் சொல்லும் குர்ஆனின் சூரா அல்பகரா அத்தியாயத்தின் 282ஆவது வசனம் நமக்குத் தரும் பழக்கம் இது.

நிலுவை உண்மையானால் ஒளியாதீர்கள். மேலாளரைச் சந்தித்து, தாமத வட்டியைத் தள்ளுபடி செய்து தவணை பிரித்துத் தரக் கேளுங்கள். அதை அடைக்க இன்னொரு வட்டிக் கடன் எடுக்கவே வேண்டாம். ஸகாத் என்ற கட்டாயத் தருமத்தைப் பெறத் தகுதியான எட்டுப் பிரிவினரில் கடனாளியும் ஒருவர். உண்மையிலேயே முடியாதவர் பள்ளிவாசல் ஸகாத் குழுவிடம் வெட்கப்படாமல் கேட்கலாம். காசு வாங்கிக்கொண்டு கிரிப்பைச் சுத்தமாக்கித் தருவதாகச் சொல்லும் தரகர்களை மட்டும் நம்பாதீர்கள்.